தொட்டிச் செடிக்குத் தேவை நினைவூட்டல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பராமரிக்க உதவும் கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் ஊற்றும் நாளைக் கைப்பேசியில் நினைவூட்டும் செயலிகளைக் கட்டுரையாளர் வெகுவாகப் பாராட்டியிருந்தார். ஆனால் தொட்டிச் செடிகளில் பல மறதியால் சாவதில்லை. அக்கறை மிகுதியால் அடிக்கடி ஊற்றப்படும் தண்ணீரால்தான் சாகின்றன என்பதை இக்கருவிகளை வடிவமைப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் எந்நேரமும் நீர் தேங்கியிருந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் நலிந்து, பித்தியம் போன்ற நுண்ணுயிரிகளால் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலைகள் துவண்டு தொங்கும். நீரின்றி வாடும் செடியும் அப்படியே தொங்குவதால், பார்த்தவர் பதறிப்போய் இன்னுமொரு குவளை ஊற்றிவிடுகிறார். வெளிச்சம், பருவம், தொட்டியின் அளவு, அது சுட்ட மண்ணா பிளாஸ்டிக்கா என்பதையெல்லாம் பொறுத்து மண் காயும் வேகம் மாறும்போது, நாள்கணக்கு மட்டும் பார்த்து மணியடிக்கும் செயலி இந்தத் தவறை ஒழுங்காக, தவணை தவறாமல் செய்ய வைக்கிறது.

மண்ணில் குத்திவைக்கும் ஈரமானிகளிலும் கவனம் தேவை. இரு உலோகமுனைகளுக்கு இடையே பாயும் மின்சாரத்தை அளக்கும் மலிவான வகை, உர உப்பு சேர்ந்த மண்ணில் உள்ளதைவிட அதிக ஈரம் காட்டும். முனைகளும் விரைவில் அரித்துப்போகும். மின்தேக்குத்திறனை, அதாவது மண் மின்னூட்டத்தைத் தேக்க உதவும் அளவை, அளக்கும் வகை மேலானது. இத்திறனைத் தீர்மானிக்கும் எண்ணான மின்காப்பு மாறிலி நீருக்குச் சுமார் 80 ஆகவும், காய்ந்த மண்ணுக்கு அது மிகக் குறைவாகவும் இருப்பதால் வேறுபாடு தெளிவாகப் புலப்படும். உலோகமும் மண்ணைத் தொட வேண்டியதில்லை. எந்த வகையானாலும் வேர் இருக்கும் ஆழத்தில் அளக்காவிட்டால் பயனில்லை. மேல்மண் பொருக்காகக் காய்ந்திருக்கும்போதே அடியில் சேறு கிடப்பதுண்டு.

என்னைக் கேட்டால், மின்கலமே வேண்டாம் என்பேன். நாற்றங்காலில் வேலை செய்பவர்கள் தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்து, எடையைக் கொண்டே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள். 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோ என்பதால் இதை எளிதில் கருவியாக்கலாம். தொட்டி நிற்கும் தாங்கிக்குள் ஒரு சுருள்வில் தராசும், நகர்த்தக்கூடிய இரண்டு குறிமுட்களும் போதும். நன்றாக நீர் ஊற்றி வடியவிட்டதும் ஒரு முள்ளை அந்த எடையில் நிறுத்த வேண்டும். மண் அந்தச் செடிக்கேற்ற அளவு காய்ந்ததை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்து உறுதிசெய்து, அப்போதைய எடையில் மற்றொன்றை நிறுத்த வேண்டும். எடை கீழ்க்குறிக்கு வரும்வரை செடியைச் சும்மா விட்டுவிடலாம். செடி வளர வளர எடை கூடும். ஆகவே அவ்வப்போது குறிகளை மாற்ற வேண்டியிருக்கும். பெரிய தொட்டிகளுக்கு இது ஒத்துவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே தாங்கியில் வடிநீருக்கு ஓர் இழுதட்டு வைப்பது அவசியம். தொட்டி நேரடியாகத் தட்டில் நின்றால் அடிமண் வடிந்த நீரையே மீண்டும் உறிஞ்சும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் புதிய கொசுக்கள் பறக்கும். கம்பிச்சட்டத்தின் மேல் தொட்டி, அதன்கீழ் எளிதில் உருவிக் கழுவக்கூடிய தட்டு என்றிருந்தால் இரண்டுமே தவிர்க்கப்படும். (தட்டை யார் கழுவுவது என்பது குடும்பத்துக்குள் தீர்க்க வேண்டிய விவகாரம்!)

இத்தகைய பொருள்களைத் தங்கள் நாளிதழ் இனி மதிப்பிடும்போது, பெட்டியைத் திறந்த அன்றே தீர்ப்பு எழுதாமல், ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தி, செடியை மண்ணிலிருந்து எடுத்து அதன் வேர்களையும் பார்த்த பிறகு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்