108 வரும்வரை நாங்கள் என்ன செய்வது?

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

பொருள்: பேருந்து நிலையங்களில் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக் கொடுக்கும்) கருவியும் மக்களுக்குச் சிபிஆர் (துடிப்பு நின்றவரின் நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) பயிற்சியும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு பஸ் நிறுத்தத்தில், பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஐம்பது வயது இருக்கும். சுற்றி முப்பது பேராவது நின்றோம். ஒருவர் சோடா வாங்க ஓடினார், ஒருவர் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள், நான் 108-க்கு போன் போட்டேன். ஆம்புலன்ஸ்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நெரிசலில் யாராலும் அதைவிடச் சீக்கிரம் வந்திருக்க முடியாது. ஆனால் அதுவரை அவர் நெஞ்சை அழுத்திவிட ஒரு கை நீளவில்லை, என் கையும் சேர்த்துத்தான். அவர் பிழைக்கவில்லை.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாரடைப்பு வேறு, இதயத் துடிப்பே நின்றுபோவது வேறு. துடிப்பு நின்றபின் சிபிஆரும் ஷாக்கும் இல்லாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகுமாம். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் அது நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு. நினைவில்லாமல் கிடப்பவர் எதை விழுங்குவார்?

எனவே மாட்டுத்தாவணி, பெரியார், ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களிலும் மீனாட்சி அம்மன் கோயில் வாசல்களிலும் ஏஇடி கருவி வையுங்கள். பூட்டிய அறைக்குள் வேண்டாம், சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் ஷாக் கொடுக்கச் சொல்லும் கருவி அது. ஜப்பானில் 2004-லிருந்து சாதாரண மக்களே அதைப் பயன்படுத்துகிறார்கள், நம்மாலும் முடியும். கருவி பேசுவது தமிழில் இருந்தால் இன்னும் நல்லது.

பயிற்சியை டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டாம். நாள் முழுக்க அங்கேயே இருக்கிற கண்டக்டர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பூக்கார அம்மாக்கள், இவர்களுக்குக் கொடுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

போனை எடுக்கிற 108 ஊழியர் வண்டி வரும்வரை லைனிலேயே இருந்து "இப்படி அழுத்துங்க" என்று எண்ணிக்கொண்டே சொல்ல வேண்டும், கருவி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது சென்னையில் முடிவாகிற விஷயம், சரி, ஆனால் ஆட்சியர் எழுதினால் அதற்கு மதிப்பு வேறு.

அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் வைகைக் கரையில் ஆம்புலன்ஸ் எப்படி நுழையும் என்று தங்களுக்கே தெரியும். வரும் சித்திரைத் திருவிழாவுக்கு முன் முதல் பயிற்சியை நடத்தித் தாருங்கள். எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மதுரைவாசி ஒருவர்