‘தென்படவில்லை’ என்ற முடிவுக்கும் மதிப்பெண் வேண்டும்

நெல்லை வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும், வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஜெனீவாவிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் சிஎம்எஸ் ஆய்வுக்குழு 2014 முதல் பொதுவில் திறந்துவைத்துவரும் புரோட்டான் மோதல் தரவுகளில் சூப்பர்சிமெட்ரித் துகள்களின் (நாம் அறிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணை உண்டு என்னும் கோட்பாடு சொல்லும், இதுவரை காணப்படாத துகள்களின்) தடத்தைத் தேடிய முதுகலை மாணவி ஒருவர், எதுவும் தென்படவில்லை என்று ஆய்வேட்டை முடித்திருந்தார். “அப்படியானால் இதில் ரிசல்ட் எங்கே?” என்று கேட்ட தேர்வாளர், பதிலுக்குக் காத்திராமல் ஏட்டை மூடிவிட்டார். அந்தப் பதிலை நான் இங்கே எழுதுகிறேன்.

புரோட்டான்கள் மோதும்போது, கற்றைக்குக் குறுக்கான திசையில் மொத்த உந்தம் ஏறத்தாழச் சுழியம். மோதலுக்குப் பின் வெளிவந்தவற்றின் உந்தத்தைக் கூட்டும்போது அது சுழியமாகாமல் ஒரு பக்கம் குறைகிறதென்றால், கருவியின் கண்ணுக்குத் தப்பி ஏதோ போயிருக்கிறது. அது, கருவியில் படாதென்று கருதப்படும் சூப்பர்சிமெட்ரித் துகளான நியூட்ரலினோவாக இருக்கலாம். ஆனால் கல்லாவில் பணம் குறைந்ததும் திருடனைத் தேடாமல், முதலில் அன்றைய செலவுச் சீட்டுகளைப் பார்ப்பதுதானே முறை? இங்கே அந்தச் செலவு, அதேபோல் கருவிக்குத் தப்பிவிடும், ஆனால் நாம் நன்கறிந்த நியூட்ரினோ.

மாணவி செய்தது இதுதான்: இரண்டு மியூயான்களாக (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, கருவியில் தெரியும் துகள்களாக) சிதைந்த இசட் போசான் என்னும் துகளின் நிகழ்வுகளை, அதன் நிறையான 91 ஜிஇவிக்கு (துகள் நிறையை அளக்கும் அலகு) அருகே பொறுக்கியெடுத்து, அந்த மியூயான்களை வேண்டுமென்றே கணக்கிலிருந்து நீக்கி, இசட் நியூட்ரினோக்களாகச் சிதைந்திருந்தால் உந்தக் குறைவு எப்படித் தோன்றும் என்று பார்த்தார். நியூட்ரினோ வழிச் சிதைவு மியூயான் வழியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதால், எதிர்பார்க்கத்தக்க பின்னணி, அதாவது புதிய துகள் இல்லாமலே தோன்றும் உந்தக் குறைவு நிகழ்வுகள், எவ்வளவு என்பது தரவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. கண்ட எண்ணிக்கை பிழைவரம்புக்குள் அதனோடு ஒத்துப்போயிற்று. என் கணிப்பில், ஆய்வேட்டின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

ஜெனீவாவிலும் பத்தாண்டுகளுக்கு மேலாக இதே முடிவுதான் அச்சாகிறது. எளிய மாதிரிகளில், சூப்பர்சிமெட்ரித் துகள்களில் ஒன்றான குளுவினோவின் நிறை இரண்டு டிஇவிக்கும் (2,000 ஜிஇவிக்கும்) மேல் இருந்தாக வேண்டும் என்பது, அப்படிக் கிடைக்காமல் போனவற்றால் தெரிந்ததே. சூப்பர்சிமெட்ரித் துகள்களுக்கிடையே நிறை வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் உந்தக் குறைவும் சிறுத்து, அவை பின்னணிக்குள்ளேயே ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே தேடல் முடிந்துவிடவில்லை. (சூப்பர்சிமெட்ரி செத்துவிட்டது என்று மேடையில் முழங்குவோரும் இதைக் கவனித்தால் நல்லது.)

எனவே, பின்னணிக் கணிப்பு, பிழைவரம்பு, விலக்கப்பட்ட நிறை எல்லை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த நிகழ்வுகளைப் பொறுக்கியெடுப்பது என்ற வரம்புகளை, தரவைத் திறக்கும் முன்பே மாணவர் எழுதி வழிகாட்டியிடம் ஒப்படைக்கும் நடைமுறையும் வேண்டும். பார்த்த பிறகு வரம்பை நகர்த்தினால் எந்தத் துகளையும் “கண்டுபிடித்து”விடலாம். அடுத்த பருவத்தின் ஆய்வுத் தலைப்புகள் முடிவாகும் முன் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர்