உபதேசியார் வீட்டு அம்மா நினைவாக: வேளாங்கண்ணி நடைப்பயணப் பெண்களுக்குக் கழிப்பறை, குளியலறை கட்ட நன்கொடை வேண்டுகோள்

பங்கு மக்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நினைவுக் குழுவின் வணக்கம்.

உபதேசியார் வீட்டு அம்மா போன திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்) இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றபோதே அவர் பேரில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டது. கெபி (மாதா குகை) கட்டலாம் என்றார்கள் சிலர். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போடலாம் என்றார்கள் சிலர். மூத்த மகள்தான், "அம்மா பேர்ல கக்கூஸ் கட்டுங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி.

காரணம் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறப்புப் பெருவிழா. அந்த நாட்களை ஒட்டித் தஞ்சாவூர், நீடாமங்கலம், கொரடாச்சேரி வழியாகக் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நம் ரோட்டில் நடந்து போவார்கள். அவர்களுக்குச் சோறு போட ஆள் உண்டு, மோர்ப்பந்தல் உண்டு. பெண்கள் ஒதுங்கத்தான் இடம் கிடையாது. இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும். மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. அதனால் பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நடக்கிறார்கள். மோர் கொடுத்தால் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர் அம்மா. அதற்குப் பிறகு திருவிழா முடியும்வரை கழிப்பறை இருக்கும் அவர் வீட்டுக் கொல்லையின் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

பூண்டி மாதா கோயில் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். நம்முடையது கிளைக் கிராமம். பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவார். அந்தச் சம்பளம் உப்புக்கும் காணாது. நடவு, களையெடுப்புக் கூலியில்தான் அம்மா மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். எவ்வளவு அலுப்பு என்றாலும் இரவு செபமாலை தவறாது; நடுவில் தூங்கி விழும் பிள்ளைக்குத் தலையில் ஒரு குட்டும் தவறாது. உபதேசியார் பக்கவாதத்தில் படுத்த பிறகு, விடியும் முன்னே அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் நடந்து வருபவர்களைக் கவனிக்க வாசலுக்கு வருவார். "தொட்டி நிறைஞ்சா என்ன பண்றது?" என்று உபதேசியார் முணுமுணுத்தால், "மாதா பாத்துக்குவாங்க" என்பார். மாதா பார்ப்பதற்குள் மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கழிவுநீர் லாரியை வரச் சொன்னவரும் அவர்தான். 2018 கஜா புயலில் வீட்டு ஓடும் பறந்தது, கொல்லைச் சுவரும் விழுந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றும் முன் கழிப்பறையைச் சுற்றிக் கீற்று கட்டினார். வந்தவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். அதை அவர் ஒரு விஷயமாகவே எடுத்ததில்லை.

ரோட்டை ஒட்டிய 3 சென்ட் இடத்தைப் பிள்ளைகள் மூவரும் பங்குக் கோயில் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதில் 4 கழிப்பறை, 2 குளியலறை, ஆழ்துளைக் குழாய், மேல்நிலைத் தொட்டி. முட்டி வலிக்காரர்களுக்காக ஒன்றில் மேற்கத்திய கோப்பை. நம் மண் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறிவிடும். சும்மா சிமெண்ட் உறை இறக்கினால் கழிவு வடியாது, திரும்பி மேலே வரும். எனவே கசியாத கான்கிரீட் தொட்டி, ரோடு மட்டத்துக்கு மேல் அஸ்திவாரம். இதில்தான் செலவு கூடுகிறது, இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நாங்கள் இறக்கமாட்டோம். லாரிக் குழாய் எட்டும் தூரத்தில்தான் தொட்டி வரும்.

திருவிழா முடிந்ததும் பூட்டிப் போடும் கட்டடம் இல்லை இது. நடவுக்கு வரும் பெண்களுக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பெண்களுக்கும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அதற்காக ஒரு தொகையை வைப்பாகப் போடுகிறோம்.

மேஸ்திரி கொடுத்த மதிப்பீடும் இந்த வைப்புத் தொகையும் சேர்த்து 7,20,000 ரூபாய். இதுவரை கையில் இருப்பது 1,35,000. இந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி (நோன்பு) இருந்து உண்டியலில் சேர்ப்பதை இந்த வேலைக்குத் தாருங்கள். பணம் முடியாதவர்கள் சிமெண்ட், செங்கல், ஒரு நாள் சித்தாள் வேலை என்று எது முடியுமோ தரலாம். பங்கு அலுவலகத்தில் ரசீது வாங்காமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம், குழு உறுப்பினர்களிடம்கூட. வரவு செலவு மாதக் கடைசி ஞாயிறு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டப்போவதில்லை. இதில் மனஸ்தாபம் வரக்கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12இல் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் குழியில் ஊற்று எடுக்கும், தொட்டி வேலை செய்ய முடியாது. ஆகவே உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் (ஈஸ்டருக்குள்) பாதித் தொகையாவது சேர வேண்டும். சித்திரையில் தோண்டிவிட்டால் இந்த வருடக் கொடியேற்றத்துக்கே திறந்துவிடலாம்.

இப்படிக்கு,
நினைவுக் குழுவினர்