நின்றிருக்கும் ஆம்புலன்ஸையும் சாலைப் பணியாளர்களையும் வேகம் குறைத்து, விலகிக் கடக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
108 ஆம்புலன்ஸ் சேவையில் பதினோரு ஆண்டுகள் ஓட்டுநராகப் பணியாற்றியவர்,
வாணியம்பாடி வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் மீட்புப் பணிக்காக நிற்கும் வாகனங்களையும் சாலையோரம் வேலை செய்பவர்களையும் பிற வாகனங்கள் பாதுகாப்பாகக் கடப்பதற்கு நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். நமது மாவட்டத்தின் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48இல் நான் 108 வண்டி ஓட்டியவன். எங்கள் சேவையில் ஓட்டுநரைப் 'பைலட்' என்றுதான் அழைப்பார்கள். 2008இல் இந்தச் சேவை தமிழ்நாட்டில் தொடங்கியபோது சைரன் கேட்டும் விலகாத வண்டிகள் ஏராளம். இன்று அந்த நிலை பெருமளவு மாறிவிட்டது. சைரன் ஒலித்தால் லாரிக்காரர் இடதுபுறம் ஒதுங்குகிறார், பேருந்துக்காரர் கையைக் காட்டி வழிவிடுகிறார், நெரிசலில் கடைக்காரர்களே இறங்கி வண்டிகளை விலக்கி விடுகிறார்கள். மக்களின் இந்த நல்ல மனத்தை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். ஆனால் விபத்து நடந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சைரனை அணைத்து, நாங்கள் கீழே இறங்கிய மறுகணமே அந்த மரியாதை முழுவதும் போய்விடுகிறது. ஓடும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடப் பழகிய நாம், நிற்கும் ஆம்புலன்ஸைக் கடப்பது எப்படி என்று இன்னும் பழகவில்லை. இந்த மனுவில் நான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இரவு இரண்டு மணிக்கு, கவிழ்ந்து கிடக்கும் ஒரு காரின் அருகே நடப்பதைத் தாங்கள் ஒரு முறை கற்பனை செய்து பார்க்க வேண்டுகிறேன். மருத்துவ உதவியாளர் தார்ச் சாலையில் முழங்காலிட்டு, காயம்பட்டவரின் தலை அசையாமல் ஒரு கையால் தாங்கியபடி, மறு கையால் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவரால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பேருந்தும் லாரியும் கடக்கும்போது எழும் காற்றில் அவருடைய சட்டை படபடக்கும், மண் தூசி திறந்த காயத்தின் மேல் வந்து விழும். நான் பின்னால் நின்று டார்ச் விளக்கை ஆட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் கூரை விளக்கின் விட்டுவிட்டு மின்னும் ஒளி எதிரில் வருபவரின் கண்ணைக் கூச வைக்குமே தவிர, அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒருவர் குனிந்திருப்பதைக் காட்டாது. பணியில் இருந்த காலத்தில் நோயாளியைப் பிழைக்க வைப்பதைப் பற்றி நான் பட்ட கவலைக்குக் குறையாமல், என் உதவியாளர் உயிரோடு வண்டியில் ஏற வேண்டுமே என்றும் கவலைப்பட்டிருக்கிறேன்.

சாலைப் பராமரிப்புப் பணியாளர்களின் நிலை இதைவிட மோசம். நடுத்திட்டில் உள்ள அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் டேங்கர் வண்டியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அது வேகமாகச் செல்வதற்கான வலதுபுறத் தடத்தில் ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும். பெரும்பாலும் பெண்களே குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலோ பக்கத்திலோ நடந்து வருவார்கள். ஒரு மார்கழி மாத அதிகாலையில், பனி விலகாத நேரத்தில், அப்படியொரு டேங்கரின் பின்னால் கார் மோதிய இடத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. குழாயைப் பிடித்திருந்த அம்மாவின் இரண்டு கால்களும் நசுங்கியிருந்தன. உடைந்த டேங்கரிலிருந்து கொட்டிய தண்ணீரில் அவருடைய ஒற்றைச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்ததாரர் முன்னெச்சரிக்கைப் பலகை ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துணி மட்டும் கட்டியிருந்தார்கள். காரை ஓட்டிவந்த இளைஞர் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. "வண்டி போயிட்டிருக்குன்னு நெனச்சேன் அண்ணா, நிக்குதுன்னு தெரியல" என்றுதான் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னது பொய்யல்ல என்பதே என் அனுபவம். நேர்ச் சாலையில் தொலைவிலிருந்து பார்க்கும்போது, முன்னால் இருக்கும் வண்டி நிற்கிறதா, மெதுவாகப் போகிறதா என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. வண்டி நிற்கிறது என்று மனத்தில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்றாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 42 மீட்டர் கடந்துவிடுகிறது. அதனால்தான் வண்டிக்குப் பத்தடி பின்னால் ஒரு முக்கோணப் பலகையையோ மரக்கிளையையோ கல்லையோ வைப்பதில் பயன் இல்லை என்கிறேன். (பழுதான லாரி கிளம்பிப் போன பிறகும் சாலையிலேயே கிடக்கும் அந்தக் கற்களால் விழுந்த இருசக்கர வாகன ஓட்டிகளையும் நான் ஏற்றிச் சென்றிருக்கிறேன்.)

நமது மாவட்டத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2023 செப்டம்பர் 11 அன்று அதிகாலையில் நாட்றம்பள்ளி அருகே, பழுதாகி நின்றிருந்த சுற்றுலா வேன் மீது பின்னால் வந்த லாரி மோதியதில், வேனுக்கு முன்னால் அமர்ந்திருந்த 7 பெண்கள் உயிரிழந்தார்கள். 2022 அக்டோபர் 5 அன்று மும்பை பாந்த்ரா – வொர்லி கடல்வழிப் பாலத்தில், முந்தைய விபத்தில் சிக்கியவர்களை மீட்க நின்றிருந்த ஆம்புலன்ஸ் மீதும் அங்கிருந்தவர்கள் மீதும் கார் பாய்ந்ததில் 5 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் அகமதாபாத் இஸ்கான் மேம்பாலத்தில், விபத்து நடந்த இடத்தில் கூடியிருந்தவர்கள் மீது கார் புகுந்து 9 பேர் பலியானார்கள். அவர்களில் காவலர் ஒருவரும் ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவரும் அடங்குவர்.

சட்டத்தில் உள்ள இடைவெளியையும் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவு 194-இ, அவசர ஊர்திகளுக்கு வழிவிடாதவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நின்றுகொண்டிருக்கும் அவசர ஊர்தியை எப்படிக் கடக்க வேண்டும் என்று அப்பிரிவில் இல்லை. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2012இல் ஹவாயும் சேர்ந்தபோது 50 மாநிலங்களிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அடுத்த தடத்துக்கு மாறு, மாற முடியாவிட்டால் வேகத்தைக் குறை என்பதே அதன் சாரம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல் 40 கி.மீ. என்று வரம்பு வைத்தார்கள். அதே நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், அதிவேகச் சாலைகளில் திடீரென்று 40க்கு இறங்கினால் பின்னால் வருபவர் மோதக்கூடும் என்ற அச்சத்தைக் கணக்கில் கொண்டு, 2019இல் அத்தகைய சாலைகளுக்கு மட்டும் விதியைத் திருத்தியது. நாமும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தொலைவிலேயே எச்சரித்துப் படிப்படியாக வேகத்தைக் குறைக்கச் செய்வதுதான் நம் சாலைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆகவே, தாங்கள் தலைமை வகிக்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எல்லாவற்றிலும் முதலாவதாக, சாலைப் பணியிடங்களில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த இந்திய சாலைப் பேரவை வெளியிட்டுள்ள எஸ்.பி. 55 வழிகாட்டுதலைப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும். முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் குறுகும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, வேலை முடியும் பகுதி என்று சாலையைப் பிரித்துப் பலகைகளும் கூம்புகளும் வைக்கச் சொல்வது அந்த வழிகாட்டுதல். அதை வைக்காத இடத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் களத்தில் உள்ள பொறியாளருக்கும் ரோந்துக் காவலருக்கும் தெளிவாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் டேங்கருக்குப் பின்னால், ஒளிரும் அம்புக்குறிப் பலகை பொருத்திய ஒரு பாதுகாப்பு வண்டி கட்டாயம் வர வேண்டும். பனியும் இருளும் உள்ள நேரத்தில் அந்த வேலையே நடக்கக் கூடாது. குழாய் பிடிக்கும் பெண்களுக்கு, வெளுத்துப்போன பழைய மேலங்கி அல்லாமல், விளக்கொளியைத் திருப்பி ஒளிரும் பட்டை உள்ள புதிய மேலங்கி கிடைப்பதையும் உறுதி செய்ய வேண்டுகிறேன்.

விபத்து நடந்த இடத்துக்கு நெடுஞ்சாலை ரோந்து வாகனமோ, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இல் அழைத்தால் வரும் வாகனமோ வந்து சேரும்போது, அது ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்பதே இப்போதைய வழக்கம். அது பின்னால், போதிய தூரத்தில் நின்று, வரும் வாகனங்களைத் தடுத்துத் திருப்ப வேண்டும் என்று ஒரு சிறிய சுற்றறிக்கை போதும். செலவில்லாத இந்த ஒரு மாற்றம் எங்கள் உதவியாளர்களின் முதுகைக் காக்கும். எதிர்த்தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மீடியனைத் தாண்டி வேடிக்கை பார்க்க வருபவர்களையும் அந்தக் காவலர்களே திருப்பி அனுப்ப வேண்டும்.

வாணியம்பாடி சுங்கச்சாவடியிலும், ஓட்டுநர்கள் தேநீருக்கு நிறுத்தும் இடங்களிலும், "ஆம்புலன்ஸ், காவல் வண்டி, சாலைப் பணியாளர் நிற்கக் கண்டால் வேகத்தைக் குறை, அடுத்த தடத்துக்கு மாறு" என்று தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பலகை வைக்கலாம். இந்தச் சாலையில் ஓடும் லாரிக்காரர்களில் தமிழ் அறியாதவர் பலர். எல்.எல்.ஆர். தேர்வுக்கு வருபவர்களிடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதை வாய்மொழியாகவாவது விளக்கச் சொல்லலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 112(2)இன்படி, பொதுமக்கள் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட இடங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தி அறிவிக்கை வெளியிட மாநில அரசுக்கு அதிகாரம் உள்ளது. சாலைப் பணியிடங்களுக்கும் மீட்புப் பணி நடக்கும் இடங்களுக்கும் அத்தகைய வரம்பை விதிக்கவும், நிற்கும் அவசர ஊர்தியைக் கடக்கும் முறையைத் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கவும் தாங்கள் போக்குவரத்து ஆணையருக்குப் பரிந்துரைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த நெடுஞ்சாலையில் எந்த வளைவுக்குப் பின்னால் நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரியாது, எந்த மேம்பாலத்தில் ஒதுங்க ஓரமே இல்லை என்பதை நான் கிலோமீட்டர் கல் வாரியாகச் சொல்ல முடியும். தங்கள் அலுவலர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் அழைத்தாலும், இரவானாலும் உடன் வந்து அந்த இடங்களைக் காட்டித் தருகிறேன்.

இடம்: வாணியம்பாடி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(முன்னாள் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர்)