உன் பாட்டும் எனக்குப் பிடித்த சில ராப் பாடல்களும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகன் கதிரவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பாட்டைப் பலமுறை கேட்டுவிட்டேன். எந்த ராப் பாடல்கள் எனக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். அதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். உன் பாட்டைப் பற்றிய என் கருத்தும் அதிலிருந்தே ஓரளவு விளங்கிவிடும்.

வேகமாகப் பாடுவதை நான் பெரிய திறமையாக எண்ணுவதில்லை. அடிதோறும் கடைசி ஓசையை ஒன்றவைப்பதும் அப்படித்தான். வந்தேன், நின்றேன், வென்றேன் என்று அடுக்கினால் தமிழில் இயைபு தானே அமைந்துவிடும்; அதற்குக் கவிஞன் வேண்டியதில்லை, இலக்கணமே போதும். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு என்பதால், அங்கே நல்ல பாடகர்கள் வேறு வழி தேடினார்கள். 1987இல் அமெரிக்க ராப் இணையரான எரிக் பி.யும் ரக்கிமும் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பைக் கேட்டுப் பார். ஒத்த ஓசையுள்ள சொற்களை அடியின் இறுதியில் மட்டும் நிறுத்தாமல், நடுவிலும், ஒரு தாளச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலும் வைத்து, குரலைச் சற்றும் உயர்த்தாமல் ரக்கிம் சொல்லிக்கொண்டு போவார். இளமையில் சாக்ஸஃபோன் வாசித்தவர் என்பதால், எங்கே மூச்சை விடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டுப் பாடலுக்கு வருகிறேன். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'மடை திறந்து' 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் வந்தது. அதன் மூலப் பாடலை 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுத, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடினார். இசையில் முன்னேறத் துடிக்கும் ஓர் இளைஞனுக்கான பாட்டு அது. மலேசியாவிலிருந்து தமிழில் ராப் பாட வந்தவர்களும் அதே நிலையில்தான் இருந்தார்கள். ஆகவே பழைய பல்லவி அவர்கள் வாயில் ஒட்டவைத்த அலங்காரமாகத் தோன்றாமல், அவர்களுடைய சொந்தப் பேச்சாகவே ஒலிக்கிறது. பழைய பாட்டை எடுத்துக் கையாளும் எல்லாருக்கும் இது வாய்ப்பதில்லை. பலர் இளையராஜாவை எடுத்துக்கொண்டு, அவருக்கும் தங்களுக்கும் என்ன தொடர்பு என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்!

பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுழலவிடும் பழக்கம், ராப் பிறந்த ஹிப் ஹாப்பின் தொடக்கத்திலேயே உள்ளது. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், தங்கை சிண்டி நடத்திய விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார்; ஆட்டக்காரர்கள் காத்திருந்த தாளப் பகுதியை நீட்டிக் காட்டிய பெருமை அவருக்கு உரியது. அந்த வழியில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, பீட் ராக்கும் சி.எல். ஸ்மூத்தும் 1992இல் வெளியிட்ட 'தே ரெமினிஸ் ஓவர் யூ'. இறந்துபோன நண்பன் ஒருவனுக்காகச் செய்யப்பட்ட பாட்டு. ஆனால் அது தாயிலும் தாத்தாவிலும் தொடங்கி, குடும்பத்தாரையெல்லாம் நினைத்த பிறகே நண்பனிடம் வருகிறது; டாம் ஸ்காட்டின் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த சாக்ஸஃபோன் இடையிடையே வந்து அழுகிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த முறையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒப்பாரி என்றதும், ராப் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' நினைவுக்கு வந்திருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை அறிவு அதில் நினைவுகூர்கிறார். அழகான தோட்டம் வைத்து, அது செழித்த பின்னும் தன் தொண்டை நனையவில்லை என்று வரும் இடத்தைக் கவனித்தாயா? தோட்டத்துக்கும் தொண்டைக்கும் மோனை பொருந்தியிருக்கிறது. அது தேடிப் பிடித்த மோனையாகத் தெரியவில்லை. ஒரு கிழவி தன் வாழ்க்கையைச் சொல்ல எடுத்த இரண்டு சொற்கள் தாமாக ஒன்றையொன்று கண்டுகொண்டது போலிருக்கிறது. முதலாளி, கூலி, சுரண்டல் என்று எதையும் முழக்காமலே தோட்டத் தொழிலாளியின் கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. விடியற்காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன குடும்பத்தில் பிறந்த நமக்கு அது இலங்கைக் கதையாக மட்டும் எப்படிப் படும்?

இனி உன் பாட்டு. முதல் சரணத்தில் நீ சிங்கம், புயல், நெருப்பு எல்லாமாகவும் இருக்கிறாய். எந்த ஊர்ச் சிங்கம் என்றுதான் தெரியவில்லை. அடிகள் எல்லாம் வந்தேன், நின்றேன் போல 'ஏன்' என்றே முடிகின்றன. இரண்டாம் சரணத்தில் அப்பாயி விடியுமுன் ரப்பர் மரம் சீவும் உளியோடு கிளம்பி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டிய ரப்பர் பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்னும் தோள்கம்பில் தூக்கிக்கொண்டு, பாலை நிறுத்துக் கொடுக்கும் பால் கொட்டாய்க்கு நடக்கும் நான்கு அடிகள் இருக்கின்றனவே, அங்கே உன் குரலே மாறிவிடுகிறது. ஒவ்வொரு அடியும் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி விழுவதால், சுமையோடு நடப்பவரின் தள்ளாட்டம் காதில் கேட்கிறது. அதை நீ திட்டமிட்டுச் செய்தாயா என்று எழுது. திட்டமிடவில்லை என்றாலும் அதை மாற்றிவிடாதே.

அந்த நான்கு அடிகளையும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அப்பாயியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துவிடு. சிங்கத்தை எடுத்துவிடலாம். பின்னணியில் உறுமி வைக்க விரும்பினால், தைப்பூசத்தில் உன் மாமா பதிவு செய்தது என் கைப்பேசியில் இருக்கிறது, அனுப்புகிறேன். அப்பாவும் கேட்டார். பாட்டு நன்றாக இருக்கிறதாம், ஆனால் பாஸ் சத்தத்தில் சொற்கள் அமுங்கிப் போகின்றன என்கிறார்; அதையும் பார்த்துவிட்டு அடுத்த பதிவை அனுப்பு.

அன்புடன்,
அம்மா