பறக்காத விமானத்துக்குப் பறப்புச் சான்றிதழ்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: சோதனைப் பறப்புக்குக் கட்டணம் வாங்கிவிட்டு, பறக்கவிடாமலே சான்றிதழ் அனுப்பியது, சொன்ன பாகங்களுக்குப் பதில் எடை கூடிய பாகங்களைப் பொருத்தியது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் 800 மில்லிமீட்டர் இறக்கை அகலமுள்ள, ரிமோட்டில் ஓட்டுகிற, லேசான ஈபிபி ஃபோமில் செய்த 3டி (சாகச) மாடல் விமானம் ஒன்றை ஜூலையில் வாங்கினேன். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் மூன்று சர்வோ எல்லாம் பொருத்தியே வரும், விலை 8,400 ரூபாய். அதோடு இன்னொரு 1,200 ரூபாய் கட்டினால், ‘எங்கள் அனுபவமிக்க பைலட் பறக்கவிட்டு, டிரிம் செய்து, கையெழுத்திட்ட சான்றிதழுடன் அனுப்புவார்’ என்று போட்டிருந்தீர்கள். டிரிம் என்றால், ஸ்டிக்கைத் தொடாவிட்டாலும் விமானம் நேராகப் பறக்கும்படி சரிசெய்வது. அதையும் கட்டினேன். ஆக மொத்தம் 9,600 ரூபாய்.

எனக்கென்றால் அந்த 1,200 தேவையே இல்லை. பல வருடங்களாக ஃபோமி ஓட்டுகிறவன், என் விமானத்தை நானே டிரிம் செய்துகொள்வேன். இது பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகனுக்காக வாங்கியது. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஹோவர் (மூக்கு வானத்தைப் பார்க்க அந்தரத்தில் நிற்பது), நைஃப் எட்ஜ் (ஒரு பக்க இறக்கை தரையைப் பார்க்கப் பறப்பது) எல்லாம் பழகிவிட்டான். நிஜ விமானம் இதுதான் முதல். முதல் விமானம் வளைந்து நெளிந்து பறந்தால், தப்பு தன் விரலிலா விமானத்திலா என்று பையனுக்குத் தெரியாது. அதனால்தான் யாராவது தெரிந்தவர் ஏற்கெனவே பறக்கவிட்டுச் சரிபார்த்த விமானமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊருக்கு அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பெட்டியைப் பிரித்தது நல்லதாகப் போயிற்று.

சான்றிதழ் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மூன்று பறப்புகள், ஹோவர் சரி, தலைகீழ்ப் பறப்பு சரி, நைஃப் எட்ஜ் சரி, சி.ஜி. (எடை சமமாக நிற்கும் புள்ளி) இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 95 மில்லிமீட்டர், பறந்து உறுதிசெய்யப்பட்டது. கீழே கையெழுத்து. சரி, இனி விமானத்தைப் பார்ப்போம்.

ரிசீவரை என் டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் செய்து இணைத்துவிட்டு, வழக்கம்போல புராப்பை (மூக்கில் சுழலும் விசிறியை) கழற்றி வைத்துவிட்டு, மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை லேசாகத் தள்ளினேன். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் திசை மாறிவிடும், அரை நிமிட வேலை. ஆனால் நீங்கள் மூன்று வயரையும் ஈஎஸ்சியோடு சால்டர் வைத்து, மேலே ஷ்ரிங்க் டியூப் போட்டு நிரந்தரமாக மூடியிருக்கிறீர்கள். இந்த ஈஎஸ்சியில் புரோகிராம் செய்து திசை மாற்றும் வசதியும் இல்லை. உங்களுடைய கையேடே அதைச் சொல்கிறது. இந்த நிலையில் புராப்பை மாட்டி த்ராட்டில் கொடுத்தால் காற்று முன்பக்கமாகத்தான் அடிக்கும், விமானம் பின்னால்தான் போகப் பார்க்கும். உங்கள் பைலட் இதை மூன்று தடவை ஹோவர் செய்திருக்கிறார் என்றால், அவரை நான் நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும்.

மோட்டாரை யாரோ கடைசி நேரத்தில் மாற்றியிருப்பார்கள், அதில் வந்த குழப்பம் என்று நீங்கள் சொல்லலாம். அதனால் அடுத்ததைச் சொல்கிறேன். ஏலெரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்புக்கு) போகும் கம்பியை சர்வோ கையில் பிடித்து நிறுத்துவது லிங்கேஜ் ஸ்டாப்பர் என்கிற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் தலையில் இருக்கும் குட்டி ஸ்க்ரூ கம்பியை அழுத்திப் பிடிக்கும். ஒரே ஒரு தடவை இறுக்கினாலும் எஃகுக் கம்பியில் ஒரு புள்ளி பதியும், வெளிச்சத்தில் திருப்பினால் மின்னும். இடது ஏலெரான் கம்பியை உருவி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு தழும்பும் இல்லை. ஸ்க்ரூ வெறுமனே வைக்கப்பட்டிருக்கிறது, இறுக்கப்படவே இல்லை. விரலால் தள்ளினாலே ஏலெரான் தொங்குகிறது. வலது பக்கக் கம்பியில் புள்ளி தெளிவாக இருக்கிறது, இரண்டையும் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். இடது ஏலெரான் பிடிமானமே இல்லாமல் மூன்று பறப்பு நடக்காது. தரையை விட்டுக் கிளம்பிய முதல் சில நொடிகளிலேயே விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கும்.

விழுந்த அடையாளமும் இல்லை. சக்கரம் கிடையாது, வயிற்றால்தான் இறங்க வேண்டும். வெள்ளை ஃபோம், புல்லில் ஒரு தடவை உரசினாலே பச்சைக் கறை ஏறும். வயிற்றில் தூசிகூட இல்லை.

அப்புறம் எடை. உங்கள் இணையப் பக்கத்தில் பறக்கும் எடை 190 கிராம் என்று இருக்கிறது. கையில் எடுத்தவுடனே கனம் உறுத்தியதால், தெரிந்த நகைப்பட்டறைக்குக் கொண்டுபோய் அவர்கள் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். விளம்பரத்தில் 2204 மோட்டார், 25 கிராம். பொருத்தியிருப்பது 2212, மவுண்டோடு 50 கிராம். 12 ஆம்பியர் ஈஎஸ்சி 10 கிராமுக்குப் பதில் 30 ஆம்பியர், 25 கிராம். 5 கிராம் சர்வோ மூன்றுக்குப் பதிலாக மெட்டல் கியர் சர்வோ மூன்று, ஒவ்வொன்றும் 13 கிராம். நீங்கள் சிபாரிசு செய்த 3எஸ் 450 பேட்டரியையும் ரிசீவரையும் சேர்த்தால் 256 கிராம் வருகிறது. பாகங்களை மாற்றியதால் மட்டும் 64 கிராம் ஏறியிருக்கிறது.

64 கிராம்தானே என்று தோன்றலாம். இந்த வகை விமானத்துக்கு எடைதான் எல்லாமே. உள்ளரங்கில் சாகசம் செய்யும் எஃப்3பி போட்டிக்காரர்கள் 100 கிராமுக்கும் கீழே இறக்குவதற்காக பேட்டரி வயரையே கத்தரிக்கிறார்கள். எடை கூடினால் விமானம் பறக்கத்தான் செய்யும்; பெரிய மோட்டார் எப்படியும் இழுத்துவிடும். ஆனால் மெதுவாகப் பறக்காது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் மிதக்க வேண்டியது, வேகத்தைக் குறைத்த உடனே இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டும். கற்றுக்கொள்கிற பையனுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதே அந்த மெதுவான வேகத்தில்தான். இன்னொன்று: பெட்டியின் மேல் ‘நானோ வகை’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரைதான் நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. உங்கள் விமானம் உங்கள் பெட்டியிலேயே தப்பான வகையில் உட்கார்ந்திருக்கிறது.

சி.ஜி. விஷயத்தில் சான்றிதழ் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டது. மூக்கில் மோட்டாரும் ஈஎஸ்சியுமாக 40 கிராம் கூடியதால், நீங்கள் ஒட்டி அனுப்பிய வெல்க்ரோவில் பேட்டரியை வைத்தால் விமானம் 60 மில்லிமீட்டரில் நிற்கிறது. 95-க்குக் கொண்டுவர 40 கிராம் பேட்டரியை ஏறக்குறைய ஒரு சாண் பின்னால் தள்ள வேண்டும். அந்த இடத்தில் உங்கள் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) சர்வோ இருக்கிறது. இந்த விமானத்தை 95 மில்லிமீட்டரில் பறக்கவிட்டு யாரும் எதையும் உறுதிசெய்திருக்க முடியாது.

கடைசியாக ஒன்று. சான்றிதழில் பறந்த நாள் ஜூலை 24, நேரம் மதியம் 2.30, இடம் உங்கள் பட்டறைக்குப் பக்கத்துத் திறந்த மைதானம், காற்று மணிக்கு 4 கிலோமீட்டர். பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடி மாதத்து மதியம் எப்படியிருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தானே அந்தப் பகுதி முழுக்கக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், ஃபோம் விமானம் மூன்று தடவை போய், ஹோவர் செய்து, கசங்காமல் திரும்பி வந்திருக்கிறது. ஆடியில் நாங்கள் விடிந்தும் விடியாமலும் பறக்கவிட்டு, ஏழரை மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுவோம்.

என்னோடு பறக்கவிடும் நண்பர் ஒருவர் இதே மாடலை உங்களிடம் ஜூனில் வாங்கினார். அவருடைய சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டிரிம் அளவு: எலிவேட்டர் இரண்டு கிளிக் மேலே, ஏலெரான் மூன்று கிளிக் வலது, ரடர் (வாலில் திசை திருப்பும் மடிப்பு) பூஜ்யம், காற்று 4 கிலோமீட்டர். என்னுடையதிலும் அதே. தேதியும் வரிசை எண்ணும் மட்டும்தான் மாறியிருக்கின்றன. கையால் ஒட்டிச் செய்கிற இரண்டு ஃபோமிகளுக்கு டிரிம் இப்படி ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை. தவிர, டிரிம் கிளிக் என்பது உங்கள் டிரான்ஸ்மிட்டருக்குள் இருப்பது. அது விமானத்தோடு பெட்டியில் ஏறி என்னிடம் வராது. வாடிக்கையாளருக்காக உண்மையிலேயே டிரிம் செய்கிறவர், அந்தக் கிளிக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அந்த அளவைக் கம்பியின் நீளத்தில் மாற்றி, ஸ்டாப்பரை இறுக்கி அனுப்புவார். இறுக்காத ஸ்டாப்பரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

மோட்டார் வயரை வெட்டி மாற்றி, கம்பிகளை இறுக்கி, பேட்டரிக்குப் புது இடம் குடைந்து 80 மில்லிமீட்டர் வரைக்கும் சி.ஜி.யை இழுத்தேன். சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக்கில் போட்டு 30 தப்படி நடந்து பார்த்து, ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால், மோட்டார் நிற்கிறதா என்று பார்த்து, மடிப்புகள் குறைவாக அசையும் லோ ரேட்டில் வைத்துக் கையால் எறிந்தேன். 45 டிகிரியில் மேலே ஏற்றி, தலைகீழாகப் புரட்டி, ஸ்டிக்கை விட்டால் விமானம் அந்தக் கோட்டிலேயே போக வேண்டும், அல்லது மெல்லத் தணிய வேண்டும். இது மூக்கைத் தொங்கப்போட்டுக் கீழே பாய்ந்தது. இன்னும் மூக்குக் கனம்தான். ஹோவரில் நிற்கிறது, ஆனால் த்ராட்டிலைப் பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். விட்டால் உடனே இறங்குகிறது. எலிவேட்டர் சர்வோ நடுவுக்குத் திரும்புவதில்லை: மேலே இழுத்துவிட்டால் கொஞ்சம் மேலேயே நிற்கிறது, கீழே தள்ளிவிட்டால் கீழேயே. இதெல்லாம் ஒரே ஒரு பேட்டரியில் தெரிந்துவிட்டது. சோதனைப் பறப்பு என்பதே இவ்வளவுதான், பெரிய வித்தை இல்லை. இதற்குத்தான் 1,200 ரூபாய் வாங்கினீர்கள்.

உங்கள் வாட்ஸ்அப் எண்ணில் இதைச் சொன்னபோது வந்த பதில்: “சார், இது 3டி விமானம், பழக்கம் இல்லாதவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். சிமுலேட்டர்ல நல்லா பழகுங்க. கிராஷ் ஆனதுக்கு வாரண்டி கிடையாது.” கிராஷ் என்று நான் சொல்லவே இல்லை. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதற்கு எந்த சிமுலேட்டரில் பழகுவது என்றும் அந்தத் தம்பி சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, மேலிருந்து சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறார்.

பாகம் மாறுவது, வயர் மாறுவது எல்லாம் எந்தப் பட்டறையிலும் நடக்கும். சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள், முடிந்தது. நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அந்தத் தாளுக்காக. பறந்து பார்த்தது என்று ஒரு தாள் கையில் இருந்தால், வாங்குகிறவர் ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்க்க மாட்டார். என் அக்கா மகன் நேரே மைதானத்துக்குப் போய் எறிந்திருப்பான். சுற்றிலும் அவன் வயதுப் பையன்கள் நின்றிருப்பார்கள். 8 அங்குலப் புராப் விரலை வெட்டும்.

என் கோரிக்கைகள் இவை. சோதனைப் பறப்புக் கட்டணம் 1,200 ரூபாயை உடனே திருப்புங்கள். மோட்டார், ஈஎஸ்சி, மூன்று சர்வோ எல்லாவற்றையும் விளம்பரத்தில் சொன்ன பாகங்களாக உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். முடியாதென்றால் விமானத்தை எடுத்துக்கொண்டு முழுத் தொகை 9,600 ரூபாயைத் தாருங்கள். இந்த மாடலைச் சான்றிதழோடு வாங்கிய மற்றவர்களுக்கு, ஏலெரான் ஸ்டாப்பரையும் மோட்டார் திசையையும் சரிபார்க்கச் சொல்லி இந்த வாரமே செய்தி அனுப்புங்கள். இதற்கு உங்களுக்குக் காசு செலவில்லை, அதனால் இதில் சாக்குச் சொல்ல வேண்டாம்.

2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, இணையத்திலேயே பதிவு செய்யலாம். இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பதிவு செய்வேன்.

விமானம் உங்கள் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. வெட்டி மாற்றிய மோட்டார் வயரையும் இறுக்கிய கம்பிகளையும் குடைந்த பேட்டரி இடத்தையும் தவிர வேறெதையும் தொடவில்லை. கூரியரை நீங்களே ஏற்பாடு செய்து அனுப்புங்கள். ஞாயிறு காலை வேண்டாம், வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரு சான்றிதழ்களின் நகல், ஏலெரான் கம்பிகளின் படங்கள், தராசில் எடுத்த படங்கள், வயரை மாற்றும் முன் மோட்டார் சுற்றும் திசையைக் காட்டும் வீடியோ.