வாசிகசாலையின் வாசற்படி

ஸ்காபரோ, கனடா
12.11.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கே நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என நம்புகிறேன். நம் ஊர் வாசிகசாலையை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகவும், இந்த நாட்டு நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று விவரமாக எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். கட்டட வரைபடம் முடிவாகும் முன்னர் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இன்றிரவே எழுதுகிறேன்.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் உண்டு. நான் பிள்ளைகளோடு போவது மல்வேர்ன் கிளைக்கு. பெயரையும் முகவரியையும் காட்டும் சான்றைக் கொடுத்தால் கட்டணமின்றி அட்டை தருகிறார்கள். இந்த நகரத்தில் வசிப்பவருக்கும், வேலை செய்பவருக்கும், படிப்பவருக்கும் அது உரியது. வந்த புதிதில், என் ஆங்கிலத்துக்குக் கூசிக்கொண்டு உள்ளே நுழைந்த எனக்குத் தமிழ் நூல்கள் அடுக்கிய தட்டைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. வேறொரு கிளையில் இருக்கும் தமிழ் நூலைக் கேட்டு வைத்தாலும் நம் கிளைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தொலைபேசியில் அழைத்தால் சிறுவர் கதை கேட்கும் சேவை ஒன்றும் உண்டு. அதில் தமிழிலும் கதை சொல்கிறார்கள்.

அதே கிளையில் கறுப்பின, கரிபிய மக்களின் வரலாற்றையும் இலக்கியத்தையும் திரட்டிய தனித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. டிரினிடாட்டிலிருந்து வந்து நூலகராகவும் கதைசொல்லியாகவும் விளங்கிய ரீட்டா கொக்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1973இல் தொடங்கிய அந்தத் தொகுப்பு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு சமூகத்துக்கு வேண்டிய நூல்களை அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே நூலகத்துக்குள் இருந்து தெரிந்தெடுத்தார் என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். நாள் பிந்திக் கொடுக்கும் நூல்களுக்கான தண்டப்பணத்தை இந்த நூலகம் 2022இல் முற்றாக நிறுத்திவிட்டது. தண்டப்பணம் வசதியுள்ளவருக்குச் சில்லறைக் காசு. வாடகைக்கே திண்டாடும் வீட்டுக்கோ அது நூலகப் பக்கமே போகாமல் இருப்பதற்குக் காரணமாகிவிடும். தொலைத்த நூலுக்கு இப்போதும் விலை கொடுக்க வேண்டும், ஆனால் பிந்தியதற்காக ஒரு சதமும் இல்லை. நம் வாசிகசாலையின் இரவல் பகுதியிலும் தண்டப்பண விதியை நீக்கிவிடுங்கள் சித்தப்பா; கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை இருபது ரூபாய்க்குப் பயந்து நூல் எடுக்காமல் இருக்கக் கூடாது.

நோயாலும் முதுமையாலும் வெளியே வர முடியாதவர்களுக்கு இங்கே வீட்டுக்கே நூல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கண்பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து நூல்களும் ஒலி நூல்களும் உண்டு. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, போரில் காலை இழந்து ஊரில் இருப்பவர்களின் நினைவுதான் வருகிறது. நம் வாசிகசாலைக்கு மூன்று படி ஏற வேண்டும். அவர்கள் எப்படி ஏறுவார்கள்? புதிய கட்டடத்தில் சாய்தளம் கட்டாயம் வேண்டும், அதுவும் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருந்தால்தான் சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமல் தாமாகவே ஏற முடியும். கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்தப் படிகளைவிட உயரமான ஒன்று அங்கே இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, குளத்தடிப் பக்கத்திலிருந்து காலைப் பத்திரிகை பார்க்க வந்தவர்கள் விறாந்தையோடு நின்று வாசித்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே வரக் கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை, வாங்கிலும் இடம் இருந்தது. என்றாலும் அவர்கள் உட்காரவில்லை, நம்மவர்கள் யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. அப்பாவும் சொல்லவில்லை. அன்று அது எனக்கு இயல்பாகவே தெரிந்தது. இங்கே வந்து, யார் என்ன சாதி, எந்த நாடு என்று கேளாமல் எனக்கு ஒரு நாற்காலி தரப்பட்ட பிறகுதான் அந்த விறாந்தை என்னை உறுத்தத் தொடங்கியது.

கதவைத் திறந்து வைத்துவிட்டு ‘யாரையும் தடுக்கவில்லையே’ என்று நாம் இருந்துவிட முடியாது. நிருவாக சபையில் குளத்தடிப் பக்கத்தவர்களும் பெண்களும் இருந்து, எந்த நூல் வாங்குவது, எந்த நேரம் திறப்பது என்பதை நம்மோடு சரிசமமாகத் தீர்மானிக்க வேண்டும். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு பேசக்கூடியவர் நம் ஊரில் நீங்கள் ஒருவர்தான்.

சாய்தளத்துக்கான செலவை நானும் இவரும் ஏற்றுக்கொள்கிறோம். தை மாதத்துக்குள் பணம் அனுப்புகிறோம். சிறுவர் நூல்கள் ஒரு பெட்டியும் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிய சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் பெயரோடு எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள
பெறாமகள்